முதியோர் கமிஷனும் ஜவ்வாது மலையும்

ஜவ்வாது மலைத்தொடருக்குத் தெற்கே, அம்மலையில் பிறந்து இறங்கி வரும் செய்யாற்றின் கரையில் அமைந்த செங்கம், பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் பாடப்பட்ட காலத்திலேயே நன்னனுடைய ஊராகப் பிரசித்தி பெற்றது. கூத்தர்கள் மலைவழி கடந்து அவனைக் காணச் சென்ற பாதையே அந்நூலின் பொருள். இன்றும் அவ்வூரின் இயல்பு பெரிதும் மாறிவிடவில்லை. திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்தத் தாலுகாத் தலைநகருக்கு, வயல்வெளிக் கிராமங்களிலிருந்தும் மலையடிவாரத்துக் குடியிருப்புகளிலிருந்தும் ஏதேனும் ஒரு வேண்டுகோளைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வந்தவண்ணமே இருக்கிறார்கள். நன்னனிடம் வந்தவர் பரிசில் வேண்டி வந்தனர். தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்களில் வயது முதிர்ந்தோர் பெரும்பாலும் 'ஓ.ஏ.பி. பணம்' என்று அவர்கள் சொல்லும் முதியோர் உதவித்தொகையைக் கேட்டு வருகின்றனர். அல்லது வந்துகொண்டிருந்த பணம் நின்றுபோன காரணத்தைக் கேட்டு வருகின்றனர்.

இப்படி வருகிறவருடைய முறையீட்டைக் கேட்பதற்கென்றே தனிப்பட்ட கமிஷன் ஒன்று வேண்டுமா, வேண்டுமானால் அதன் அதிகாரம் எவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்ற விஷயம் இப்பொழுது ஆராய்வதற்குரியதாகியிருக்கிறது. 2025 மார்ச்சில் கேரள சட்டசபை, இந்தியாவிலேயே முதன்முறையாக, முதியோருக்கென ஒரு மாநிலக் கமிஷனை ஏற்படுத்தும் மசோதாவை நிறைவேற்றிற்று. வயோஜன கமிஷன் என்று அங்கே வழங்கும் அந்த ஸ்தாபனத்தைத் தமிழ்நாட்டுக்கும் விரிவுபடுத்த வேண்டும் என்று விரும்புவோரில் நானும் ஒருவன். ஆயினும், தலைநகரத்தில் ஒரு கட்டடமும் ஒரு தலைவரும் ஒரு வருஷாந்திர அறிக்கையுமாக அது அமையுமானால், செங்கத்துக்கு அதனால் அற்பப் பிரயோஜனமே உண்டாகும். செங்கத்துக்கு மேலே மலையில் இருப்பவருக்கு அதுவும் உண்டாகாது என்பதே இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட முயலும் அபிப்பிராயம்.

ஜனத்தொகையின் போக்கை முதலில் நோக்குவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10.4 பேர் 60 வயதை எட்டியவர்கள். இந்தியா முழுவதற்கும் அது 8.6. மத்திய சர்க்காரின் நிபுணர் குழு வகுத்த மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் விகிதம் 2021இல் 13.6 ஆகவும், 2031இல் 18.2 ஆகவும் உயரும். கேரளத்தில் அவ்வாண்டுகளுக்குரிய மதிப்பீடு 16.5ம் 20.9ம் ஆகும். கேரளம் இன்று நிற்கும் இடத்துக்கு நாம் சில ஆண்டுகளிலேயே வந்து சேர்ந்துவிடுவோம் என்பது இதனால் விளங்கும். ஆனால் மாநிலத்தின் சராசரி வேறு, ஒரு மலைக் கிராமத்தின் நிலைமை வேறு. இளையோர் பிழைப்புத் தேடிப் புறப்பட்டுவிட்ட ஊரில், கணக்கெடுப்பின் ஏடு என்ன சொன்னாலும், பகற்பொழுதில் வீட்டுத் திண்ணைகளில் காணப்படுகிறவர்கள் கிழவர்களும் குழந்தைகளுமே.

முதியோரைக் காப்பது சர்க்காரின் தர்மம் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னை ராஜ்யத்தில், காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1962 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் அளிக்கும் திட்டம் தொடங்கிற்று. மத்திய சர்க்கார் இத்துறையில் பிரவேசித்தது 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதியிலேதான். இன்று மத்திய சர்க்காரின் பங்கு, 60 முதல் 79 வயது வரையிலுள்ளவர் ஒருவருக்கு மாதம் 200 ரூபாய். 80 வயது நிறைந்தவருக்கு 500 ரூபாய். மாநில சர்க்கார் தன் பங்கைச் சேர்த்து, 2011இல் மொத்தத் தொகையை 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்திற்று. 200 ரூபாய் என்ற அந்த மத்தியப் பங்கு இத்தனை வருஷங்களாக ஏறாமல் நிற்பது, இத்தேசம் தன் வயோதிகர்களைப் பற்றிக் கொண்டுள்ள கவனத்துக்கு ஒரு வருந்தத்தக்க சாட்சியம் என்றே நான் கருதுகிறேன்.

தொகை சிறியதென்பதைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது, அதைப் பெறுவதற்குரிய தகுதி எவ்வாறு வகுக்கப்பட்டிருக்கிறது என்பது. உதவித்தொகை, தன்னைத் தாங்குவார் எவரும் இல்லாத முதியவரை மனத்தில் வைத்து எழுந்தது. மறுபுறம், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நல்வாழ்வுச் சட்டம் என்ற பெயரில் 2007இல் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், தாங்கும் சக்தியுள்ள மகனோ மகளோ இருந்தும் கைவிடப்பட்ட முதியவரை மனத்தில் வைத்து எழுந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு முதியவர் இருக்கிறார்: மகன் உண்டு, ஆனால் அவனுக்கே கதியில்லை, அல்லது எந்த ஊரில் வேலை செய்கிறான் என்பதே வீட்டாருக்குச் சரியாகத் தெரியாது. மகன் இருக்கிறான் என்பதால் உதவித்தொகையின் வாசலில் அவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். மகனிடம் ஒன்றும் இல்லை என்பதால் பராமரிப்புச் சட்டம் அவருக்குப் பயன்படுவதில்லை. ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் வயோதிகர் பலர் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவர்கள்.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். ஏனெனில் கமிஷன் வந்தாலும் வராவிட்டாலும் இன்று முதியவர் கையிலுள்ள முதன்மையான கருவி அதுவே. அச்சட்டத்தின்படி கோட்ட அளவில் ஒரு தீர்ப்பாயம் அமைகிறது; நம் மாநிலத்தில் ஆர்.டி.ஓ. என்று ஜனங்கள் அழைக்கும் வருவாய்க் கோட்டாட்சியரே அதை நடத்துகிறார். மேல்முறையீடு கலெக்டரிடம். மனுதாரரின் சார்பில் நின்று உதவும் பராமரிப்பு அலுவலர் பொறுப்பு ஜில்லா சமூக நல அலுவலரைச் சேர்ந்தது. எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் ஜீவனாம்ச மனுவைத் தீர்க்க வேண்டும். விசேஷ காரணம் இருந்தால் 30 நாட்கள் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். விதிக்கக்கூடிய தொகைக்கு மாதம் 10,000 ரூபாய் என்பது சட்டத்தின் உச்சவரம்பு. வக்கீல் வைத்துக்கொள்ள இடமில்லை. ஏழை மனுதாரருக்கு அனுகூலமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுந்த அமைப்பு இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2019 டிசம்பரில் இச்சட்டத்தை விரிவுபடுத்தி, அந்த உச்சவரம்பை நீக்கவும், மருமகன், மருமகள் ஆகியோரையும் பொறுப்பாளிகளாகச் சேர்க்கவும் ஒரு திருத்த மசோதா லோக்சபையில் வைக்கப்பட்டது; நிறைவேறாமலே அந்தச் சபையின் ஆயுளோடு 2024இல் காலாவதியாயிற்று.

செங்கம் போன்ற ஊர்களில், நஞ்சையோ புஞ்சையோ வீடோ உடைய குடும்பங்களுக்கு இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு மெய்யாகவே ஒரு புகலிடமாகும். தானப் பத்திரமோ செட்டில்மெண்டுப் பத்திரமோ எழுதி மகனுக்கோ மகளுக்கோ சொத்தைக் கொடுத்துவிட்டு, பின்பு சோற்றுக்கும் மருந்துக்கும் அவர்கள் முகத்தையே பார்த்து நிற்க நேர்ந்த பெற்றோர், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் கொடுத்தோம் என்று காட்டுவார்களாயின், அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. நிபந்தனை இருந்தது என்பதை நிரூபித்தாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. பிறகு 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு, இது முதியோரின் நன்மைக்காக ஏற்பட்ட சட்டமாதலால் தாராள மனத்தோடு பொருள்கொள்ள வேண்டுமென்றும், சொத்தின் சுவாதீனத்தைத் திரும்ப ஒப்படைக்கும்படி உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டென்றும் தெளிவுபடுத்திற்று. பத்திரம் எழுதும்பொழுது பராமரிப்பு நிபந்தனையை வாக்கியமாகவே எழுதிவைத்தல் நலம் என்பதைச் சார்பதிவாளர் ஆபீசின் வாசலில் எல்லோரும் படிக்கும்படி எழுதிவைத்தாலே பல வழக்குகளுக்கு இடமில்லாமற் போகும்.

மலைமீது நிலைமை வேறு. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் என்ற பெயரால் வழங்கப்படுகிறார்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கிவரும் மரபுக் கதை. சாமை முதலிய சிறுதானியங்களும், புளி, தேன், கடுக்காய் போன்ற வனப்பொருள்களும், ஆடுமாடுகளுமே அவர்களுடைய ஜீவாதாரம். மானாவாரி நிலம் வருஷம் முழுவதற்கும் சோறு போடாமையால், வாலிபர்கள் கர்நாடகத்துக் காபித் தோட்டங்களுக்கும் பட்டணங்களின் கட்டட வேலைகளுக்கும் போய்விடுகிறார்கள். மகனுக்கு எழுதிக் கொடுத்துப் பின் திரும்பக் கேட்கும் அளவுக்குச் சொத்துள்ள குடும்பங்கள் அங்கே அதிகமில்லை. தன் பெற்றோரைப் புறக்கணித்த குற்றவாளியாக, பிழைப்புக்காக வெளியூர் சென்ற மகனைக் கோட்டாட்சியர் முன்னிலையில் நிறுத்துவதற்கு மலையிலுள்ள எந்தத் தாயும் மனம் ஒப்பமாட்டாள். ஒப்பினாலும் அவனிடமிருந்து பெறக்கூடியது ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதியை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காடுகளில், செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று சொல்லப்பட்ட 20 பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்தோர் பலர்; ஜவ்வாது மலைக் கிராமங்களும் அன்று தம் புதல்வர்களை இழந்தன. அச்சம்பவத்தின் நியாய அநியாயங்கள் நீதிமன்றங்களிலும் மனித உரிமைக் கமிஷனிலும் பேசப்பட்டன. ஒரு தேசத்தின் சட்டம், மகன்தான் முதியவரின் முதற் பாதுகாவலன் என்ற அஸ்திவாரத்தின்மேல் எழுந்திருக்குமாயின், மகனை இழந்த தாய் எந்தப் பிரிவின் கீழ் யார்மீது மனுப் போடுவாள் என்ற கேள்வி மட்டும் எங்கும் போதிய அழுத்தத்தோடு எழவில்லை.

ஆகவே மலைவாசியான முதியவரின் முறையீடு பெரும்பாலும் பிள்ளைகள்மீது உண்டாவதன்று. சாலை இல்லாமையால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை; விரல் ரேகை தேய்ந்துபோனதால் ரேஷன் கடை மெஷின் ஏற்கவில்லை; பணம் பட்டுவாடா செய்யும் வங்கிப் பிரதிநிதி இந்த மாதம் வரவில்லை; வயதுக்குச் சான்று இல்லை என்று மனு திரும்பிவிட்டது. இவையெல்லாம் சர்க்காரின் இலாகாக்களுக்கு எதிரான முறையீடுகள். குடும்பத்துக்குள் எழும் வழக்கைத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. இலாகாவோடு உள்ள வழக்கை முதியவர் யாரிடம் கொண்டுபோவார்? அதே இலாகாவின் மேலதிகாரியிடந்தான்.

வயதுச் சான்று என்பதைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். மலையில் 60 ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர்களின் பிறப்பு எங்கே பதிவாயிற்று? ஆதார் அட்டையில் பலருக்கு ஏதோ ஒரு வருஷத்தின் ஜனவரி முதல் தேதி பிறந்த நாளாக விழுந்திருக்கிறது. பதிவு செய்தவர் முகத்தைப் பார்த்து உத்தேசமாக எழுதிய வயது ஐந்து குறைவாக விழுந்துவிட்டால், ஐந்து ஆண்டு உதவித்தொகை அவருக்கு இல்லாமற் போகிறது. ஆனால் அதே முதியவரை இன்னொரு சட்டம் எப்படி மதிக்கிறது என்று பாருங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்காக 2008இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒரு குடும்பம் இன்ன நிலத்தை எத்தனை காலமாக அனுபவித்து வருகிறது என்பதற்கு, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுத்தில் வாங்கிச் சாட்சியமாக ஏற்கலாம். காட்டின் வயதையும் கொல்லையின் வயதையும் சொல்ல அவருடைய ஞாபகம் பிரமாணமாகிறது. அவருடைய சொந்த வயதைச் சொல்ல மட்டும் அது பிரமாணமாவதில்லை. ஊர்ப் பெரியவர்கள் இருவர் மூவரின் வாக்குமூலத்தைக் கிராம சபை ஏற்றுக்கொண்டால் அதையே வயதுச் சான்றாகக் கொள்ளலாம் என்று விதி செய்வதற்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. வன உரிமை விதியிலுள்ள தத்துவத்தை உதவித்தொகை விதிக்கும் நீட்டினால் போதும். இத்தகைய முரண்பாட்டை ஓர் இலாகா தானாகக் கண்டுகொள்வது துர்லபம். இரண்டு இலாகாக்களுக்கும் வெளியே நிற்கும் ஒரு கமிஷனே அதைக் காண வேண்டும்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது அநீதியாகும். 2021 ஆகஸ்டில் அண்டை ஜில்லாவாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோர் வீட்டுக்கும் மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கும் ரேஷன் பொருள்களைக் கொண்டுசேர்க்கிறது. முதியவரை ஆபீசுக்கு வரவழைக்காமல் ஆபீஸ் முதியவரிடம் செல்வது என்ற இந்த முறை மிகவும் சிலாக்கியமானது. நான் வேண்டுவதும், மாத்திரைக்கும் அரிசிக்கும் ஏற்பட்ட அந்த முறை முறையீட்டுக்கும் ஏற்பட வேண்டும் என்பதுதான்.

இனிக் கேரளத்தின் கமிஷனைக் காண்போம். கமிஷனில் அமர்கிறவர்களே முதியோராயிருக்க வேண்டுமென்றும், பட்டியலினம் அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரும், பெண் ஒருவரும் அதில் இடம்பெற வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்திருக்கிறது. முதியோரின் துயரங்களைக் கேட்பதோடு, அவர்களுடைய அனுபவமும் திறமையும் சமுதாயத்துக்குப் பயன்படும்படி வழிகாண்பதும் அதன் நோக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. முதுமையை ஒரு பாரமாக மட்டும் எண்ணாத இந்த நோக்கு எனக்கு மிகவும் உவப்பானது. ஆயினும் பரிந்துரை செய்வதே கமிஷனின் தொழில் என்று நின்றுவிட்டால், பரிந்துரையைப் பெற்ற இலாகா பதில் சொல்லாமலே இருந்துவிடலாம். நம் நாட்டில் எத்தனையோ கமிஷன்களின் அறிக்கைகள் அச்சேறிய பின்பு அலமாரி ஏறியிருக்கின்றன.

இக்குறையை வேல்ஸ் தேசத்தார் நிவர்த்தித்த விதம் ஆராயத்தக்கது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டு, 2008 முதல் இயங்கிவரும் முதியோர் ஆணையர் பதவி அங்கே உண்டு. 60 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் அவர் பொறுப்பு. அவர் ஒரு பொது ஸ்தாபனத்தைப் பற்றி அறிக்கையில் பரிந்துரை செய்தால், அந்த ஸ்தாபனம் அதை எவ்வாறு நிறைவேற்றும், அல்லது ஏன் நிறைவேற்றாது என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி அவர் கேட்கலாம். பரிந்துரையும் பதிலும் அடங்கிய பதிவேட்டைப் பொதுஜனங்கள் எவரும் பார்க்கலாம். முதியோர் விடுதிகளுக்குள் சென்று அங்கே இருப்பவர்களைத் தனியே கண்டு பேசவும் அவருக்கு உரிமை உண்டு. இந்த அதிகாரங்களைக் கொண்டு சாரா ரோகிரா என்ற ஆணையர் விடுதிகளின் நிலைமையை ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டார். பதவிக் காலம் நான்கு ஆண்டுகள். அதை நீட்டிக்கவும் இடமுண்டு. ரோகிரா அம்மையார் 2012 முதல் 2018 வரை ஆறு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். தனியதிகாரம் படைத்த ஒரு பதவியின் பயன், அதை வகிப்பவர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கி அதன் பலனைக் கண்ணால் காணும்வரை இருப்பதில் உள்ளது.

வேல்ஸைக் காட்டிலும் நமக்கு நெருங்கிய பாடம் இலங்கையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் முதியோர் உரிமைகளுக்கென ஒரு தேசிய சபையும், அதன் செயலகமும், பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற்றுத் தரும் ஒரு சபையும் அங்கே ஏற்பட்டன. ஆனால் அவ்வமைப்பின் சிறப்பு கொழும்பில் இல்லை. கிராம அலுவலர் பிரிவுதோறும் முதியோர் சங்கம், அதற்கு மேல் பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று படிப்படியாகச் சபைகள் அமைக்கப்பட்டு, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள தமிழ் முதியோரும் தம் ஊரிலேயே கூடித் தம் குறையைப் பேசுவதற்கு ஓர் இடம் ஏற்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது: 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் தீர்ப்பாயத்தோடு ஓர் ஆணையரையும் வைத்து, 2010இல் செய்த திருத்தத்தால், வழக்கு தீர்ப்பாயத்தை அடையுமுன் அவர் முன்னிலையில் பெற்றோரும் பிள்ளைகளும் சமரசம் பேச வேண்டும் என்று விதித்தது. சிறிய நகர ராஜ்யத்துக்கு அது பொருந்தும். மலையும் காடும் கொண்ட நாட்டுக்கு இலங்கையின் கிராமச் சங்கமே பொருந்தும்.

கமிஷனின் ஆயுளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1965 முதல் இருந்துவரும் முதிய அமெரிக்கர் சட்டத்தைச் சில ஆண்டுகளுக்கொருமுறை காங்கிரஸ் புதுப்பிக்க வேண்டும். 2020இல் புதுப்பித்த காலவரையறை 2024 செப்டம்பரோடு முடிந்தபொழுது, மேலும் நீட்டிக்கும் சட்டம் உரிய காலத்தில் வரவில்லை. நம் மாநிலத்திலோ, மகளிர் ஆணையம் 1993இல் சர்க்கார் உத்தரவால் பிறந்து, 2008இல்தான் தனிச் சட்டத்தின் பலத்தைப் பெற்றது; நடுவே பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. உத்தரவால் பிறந்த ஸ்தாபனத்தை இன்னோர் உத்தரவால் முடித்துவிடலாம். ஆகையால் தமிழ்நாட்டு முதியோர் கமிஷன் வருமானால் முதல் நாளிலேயே சட்டத்தால் வர வேண்டும். ஒவ்வொரு மந்திரிசபையும் தயவு காட்டி ஆயுளை நீட்டிக்க வேண்டிய நிலையில் அது இருத்தல் கூடாது.

இன்னுமொரு கமிஷன் எதற்கு, கலெக்டர் இருக்கிறார், சமூக நல அலுவலர் இருக்கிறார், 14567 என்ற தொலைபேசி உதவி எண் இருக்கிறது என்று சொல்வோரும் உண்டு. அவர்களுடைய ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. புதிய ஸ்தாபனம் என்பது பல சமயங்களில் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களுக்கு உத்தியோகம் தேடித் தருவதாகவே முடிகிறது என்பதும் அனுபவத்தில் கண்டது. ஆனால் இருக்கும் ஏற்பாட்டின் பலவீனத்தையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் தனித்து வாழும் முதியோரின் ஜாப்தாவை வைத்திருந்து, மாதம் ஒரு முறையாவது ஒரு சமூகத் தொண்டரோடு சென்று அவர்களைப் பார்த்துவர வேண்டும் என்று, 2007ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக மத்திய சர்க்கார் வகுத்துத் தந்த மாதிரி விதிகள் கூறுகின்றன. சிதறிக் கிடக்கும் மலைக் குடியிருப்புகளில் அப்படி மாதந்தோறும் சென்று பார்க்கிறார்களா என்று கேட்கும் கடமை யாருக்கு உண்டு? ஜில்லாவுக்கு ஒன்றாக, 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லங்களை மாநில சர்க்கார் அமைக்கலாம் என்று அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. அமைக்க வேண்டும் என்று கூறவில்லை. அமைக்காததற்குக் காரணம் கேட்க இன்று எவருக்கும் அதிகாரமில்லை. தொலைபேசி உதவி நல்லதே. எனினும் கோபுரத்தின் சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கில் இருக்கும் கிழவிக்கு அந்த எண் பயன்படாது.

எனவே நான் விரும்பும் கமிஷன் செங்கம் போன்ற தாலுகாத் தலைநகரங்களில் குறிப்பிட்ட நாட்களில் அமர்வு நடத்துவதாய் இருக்க வேண்டும். மலைக்கு அது தானே ஏற வேண்டும். ஜமுனாமரத்தூரில் சந்தை கூடும் நாளில், ஜனங்கள் எப்படியும் வந்து சேரும் இடத்தில், அமர வேண்டும். மனுவை எழுதித் தர வேண்டுமென்று கேட்காமல் வாய்மொழியாகச் சொன்னதைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியர் ஒருவருக்குரிய உதவித்தொகையை நிறுத்தினால், நிறுத்துமுன் அக்காரணத்தை அவர் வீட்டுக்கே தெரிவிக்க வேண்டுமென்றும், தெரிவிக்காமல் நிறுத்தியதைக் கமிஷன் மனு வராமலே விசாரித்து இடைக்காலமாகத் தொடரச் செய்யலாம் என்றும் சட்டத்தில் எழுத வேண்டும். இந்த ஓர் அதிகாரம் மற்ற எல்லாவற்றையும்விட அவசியமானது என்பது என் துணிபு. 1,200 ரூபாயைக் கொண்டு ஒரு மாதத்தை ஓட்டுகிறவருக்கு மூன்று மாதம் கழித்து வரும் நீதி, பட்டினியாகக் கழிந்த அந்த மூன்று மாதத்தைத் திருப்பித் தராது.

கமிஷனின் உறுப்பினராகப் பட்டியலினம் அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் இருக்க வேண்டும் என்ற கேரளத்து விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதோடு, மலைப்பகுதி ஒன்றியங்களில் ஊராட்சிதோறும் முதியோர் சங்கம் ஒன்றைக் கிராம சபையின் அங்கமாகவே அமைத்து, உதவித்தொகைக்குத் தகுதியிருந்தும் பெறாதவர்களின் பட்டியலை ஆண்டுக்கொருமுறை அச்சங்கமே தயாரித்துக் கமிஷனுக்கு அனுப்பும்படி செய்ய வேண்டும். ஜவ்வாது மலை ஒன்றியத்தில் இருப்பவை 11 ஊராட்சிகளே. ஒரே ஆண்டில் செய்து பார்த்துவிடக்கூடிய காரியம் இது. அப்பட்டியல்களையும், ஒவ்வோர் இலாகாவும் கமிஷனுக்கு எழுதிய பதில்களையும் சட்டசபையின் பட்ஜெட் கூட்டத்தொடரிலேயே வைக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்குரிய பணத்தை ஒதுக்கும் அங்கத்தினர்கள், எந்த ஊராட்சியில் எத்தனை முதியவர் விடுபட்டிருக்கிறார்கள் என்பதை அப்பொழுது கையில் வைத்துக்கொண்டு வாக்களிப்பார்கள்.